விக்கல் வீரன் இரண்டாம் பாகம்

இல்ல மேடம், சிரிக்கல. தியேட்டரே சிரிச்சுது, நான் சிரிக்கல. படம் நல்லா இல்லாம இல்ல, நல்ல படம்தான். சின்னப் பசங்கல்லாம் சீட்டு மேல ஏறி நின்னு குதிச்சாங்க. எனக்குத்தான் வரல. கடைசியா எப்ப சந்தோஷமா இருந்தீங்கன்னு கேட்டீங்க பாருங்க, யோசிச்சுப் பாத்தா நேத்து நான் சந்தோஷமா இருந்திருக்கணும். ஏசி இருந்துச்சு, நல்ல சீட்டு கிடைச்சுது, பக்கத்துல அண்ணன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

ஆமா, அதே அண்ணன்தான். என் கிட்னிய வாங்கிக்கப் போறவன். ரெண்டே வயசுதான் மூத்தவன், அதனால அவன் இவன்னுதான் வாயில வரும், தப்பா எடுத்துக்காதீங்க.

அவனுக்கு டயாலிசிஸ் ஒருநாள் விட்டு ஒருநாள். நேத்து லீவு நாள். காலையில போன் பண்றான், ஏய், விக்கல் வீரன் ரெண்டாவது பாகம் வந்திருச்சு, கிளம்புன்னு. ஆபரேஷனுக்கு உள்ள படுக்கப் போறதுக்கு முன்னாடி அத பாத்துடணுமாம். அண்ணிக்கு வேலை, பொண்ணுங்களுக்கு இதெல்லாம் பாக்குற வயசு தாண்டிப் போச்சு, கூப்பிட்டா மூஞ்சிய சுளிக்குதுங்க. அப்ப யாரு மிச்சம்? நான்தான். எதுக்குமே நான்தானே மிச்சம். சும்மா தமாஷுக்குச் சொன்னேன், ஆஸ்பத்திரி ஃபைல்ல அத எழுதாதீங்க.

நீங்க அந்த முதல் பாகம் பாத்தீங்களா? பாக்கலையா? பரவால்ல, பெரிய கதையெல்லாம் இல்ல. ஒருத்தன் பூட்டு ரிப்பேர் பண்றவன், மாத்துச் சாவி போட்டுக் குடுக்கறவன். யாராவது ஆபத்துல மாட்டிக்கிட்டு அவன நினைச்சா இவனுக்கு விக்கல் வரும். விக்கல் வந்தா அவன் பறப்பான். ஒவ்வொரு விக்கலுக்கும் ஜிவ்வுன்னு ஒரு தூக்கு. விக்கல் நின்னுச்சுன்னா தொபுக்கடீர்னு கீழ. அவ்வளவுதான். முதுகுல ஒரு மஞ்சள் துணி கட்டியிருப்பான், அது கடையில மேசைக்குப் போட்டிருந்த துணி. நல்ல பைத்தியக்காரத்தனம்.

அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டு இருந்தான். பதினேழு வருஷம். அந்த முதல் பாகம் வந்தப்ப வேன்ல இருந்த பசங்க அத்தனையும் அந்தப் படத்தப் பத்தியே பேசுச்சுங்களாம். இவன் போயி நாலு தடவ பாத்துட்டு வந்தான். அப்புறம் என்ன பண்ணுவான் தெரியுமா, ஸ்பீட் பிரேக்கர் வர்றதுக்கு முன்னாடி கரெக்டா ஒரு விக்கல் விடுவான். ஹிக்குன்னு. வேன் ஏறி இறங்கும். உள்ள இருக்குற முப்பது உருப்படியும் கத்தும். ஒரு சின்னப் பொண்ணு வீட்ல போயி, எங்க வேன் மாமாதான் நிஜ விக்கல் வீரன்னு சாதிச்சிருக்கு. அந்தம்மா போன் பண்ணிச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அப்படிப்பட்ட ஆளு மேடம் அவன். யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்ல. அதயும் எழுதிக்கங்க. ஏன்னா நான் ஏதோ அவன் மேல குறை சொல்றதா நீங்க நினைச்சுடக்கூடாது.

வேன் ஓட்டி ஒன்றரை வருஷம் ஆச்சு. கால் வீங்குது, தலை சுத்துது, குழந்தைங்கள ஏத்திட்டு எப்படி ஓட்டுறதுன்னு அவனே சாவியக் குடுத்துட்டான்.

நேத்து மதியானக் காட்சி. பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சில்ல, ஒரே குஞ்சு குளுவான். அண்ணன் கையில அவனோட பாட்டில். பேனாவால கோடு கோடா போட்டிருக்கும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல போகக்கூடாது, சாப்பாட்டுல இருக்குற தண்ணியும் சேத்து. அதனால ஒரு சின்ன பிளாஸ்க்ல ஐஸ் கட்டி எடுத்துட்டு வருவான். ரொம்ப வறண்டா ஒண்ண எடுத்து வாயில அதக்கிக்குவான். குடிக்கறத விட அது ரொம்ப நேரம் வரும்பான்.

எங்க பக்கத்து சீட்டுல ஒரு அம்மாவும் அவங்க பொண்ணும். பொண்ணுக்கு ஆறு வயசு இருக்கும். மஞ்சள் துணி கட்டிக்கிட்டு வந்திருந்துச்சு. அண்ணன் சும்மா இருப்பானா? அது பக்கம் திரும்பி ஹிக்குன்னு ஒரு விக்கல் விட்டான். அது திரும்பி ஒரு விக்கல் விட்டுச்சு. லைட் அணையறதுக்குள்ள ரெண்டும் சிநேகிதம்.

இந்தப் பாகத்துல வில்லன் தண்ணிக் கம்பெனிக்காரன். விக்கல் வீரன எப்படி அடக்குறதுன்னு அவன் கண்டுபிடிச்சுட்டான். தண்ணி குடிச்சா விக்கல் நின்னுடும்ல, அதான். படம் பூரா அவன் ஆளுங்க இவன விரட்டி விரட்டித் தண்ணி குடுக்குறாங்க. டம்ளரத் தூக்கிட்டு ஓடுறான் ஒருத்தன். ஹோஸ் பைப்பத் தூக்கிட்டு ஒருத்தன். கடைசியில ஒரு லாரித் தண்ணி. இவன் வாயப் பொத்திக்கிட்டு வேணாம் வேணாம்னு மொட்டை மாடி மொட்டை மாடியா தாவுறான். தியேட்டர்ல உருண்டு புரண்டு சிரிக்கிறாங்க. அண்ணனுக்குக் கண்ணுல தண்ணி வருது சிரிச்சு. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, அந்த உதட்ட வச்சுக்கிட்டு சிரிக்கிறான். அப்புறம் என் காதுகிட்ட வந்து மெல்லமா சொன்னான், எவ்வளவு தண்ணி பாரேன்னு.

அந்த இடத்துல எனக்கு ஏதாவது ஆகியிருக்கணும் இல்லையா மேடம்? கூடப் பொறந்தவ. தொண்டையாவது அடைச்சிருக்கணும். ஒண்ணும் ஆகல. பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்களே, கன்னம் இருக்கும், தொட்டா தெரியாது. அந்த மாதிரி. பிளாஸ்கத் திறந்து ஒரு ஐஸ் கட்டிய எடுத்து அவன் கையில குடுத்தேன். குடுக்கணும்னு தெரியுது, குடுத்தேன். அவ்வளவுதான்.

எவ்வளவு நாளா இப்படின்னா? சரியாச் சொல்லத் தெரியல. ரெண்டு மூணு மாசம் இருக்கும். டெஸ்ட்டுக்கெல்லாம் வந்துட்டு இருந்தேன்ல, அப்ப இருந்துன்னு வச்சுக்கங்க. ஆனா தூக்கம் வருது, பசி எடுக்குது, வேலைக்குப் போறேன். கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கற வேலை. டாக்டர் எழுதிக் குடுத்த பவருக்கு லென்ஸ் வரும், அத ஃப்ரேமோட அளவுக்குத் தேச்சு மாட்டணும். இருபத்திரண்டு வருஷமா அதான். உங்க கண்ணாடி யாரு பண்ணாங்களோ, இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. கவனிச்சீங்களா? ரொம்ப நேரம் போட்டா தலைவலி வருமே. வருதில்ல? அதான்.

இதுவா? கட்டை விரலுக்கு ஒண்ணுமில்ல. அத அப்புறம் சொல்றேன், இப்ப சொன்னா கதை குழம்பிடும்.

இன்டர்வெல் விட்டாங்க. பக்கத்து அம்மா பாப்கார்ன் வாங்கிட்டு வந்து, எடுத்துக்கங்கன்னு அண்ணன் கிட்ட நீட்டினாங்க. அண்ணன் வேணாங்கன்னான். நல்லவங்க, விடல, ஒரு கை எடுத்துக்கங்க சார்னு. அப்ப அவன் சொல்ல வேண்டியதாப் போச்சு. உப்பு ஆகாதுங்க, எனக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்னு. ஏதோ ரெண்டு டயரும் பஞ்சர்ங்கற மாதிரி சொன்னான். அந்தம்மாவுக்கு முகம் விழுந்துடுச்சு. இவனுக்கு அது பொறுக்காது, யாரும் வருத்தப்படக்கூடாது. உடனே என் தோள் மேல கையப் போட்டு, கவலைப்படாதீங்க, இதோ இருக்கா பாருங்க என் தங்கச்சி, இவதான் எனக்கு ஒண்ணு குடுக்கப் போறா, இன்னும் பன்னண்டு நாள்ல நானும் பாப்கார்ன் சாப்பிடுவேன்னான்.

அந்தம்மா பாப்கார்ன கீழ வச்சுட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு கையாலயும். அவங்க விரல்ல எண்ணெய்ப் பிசுக்கு. பின் வரிசையில இருந்த ஒருத்தர் கேட்டுட்டாரு போல. கை தட்டினாரு. அவரு தட்டுறதப் பாத்து அவரு வீட்டுக்காரம்மா. அப்புறம் என்ன ஏதுன்னு தெரியாமலே நாலஞ்சு வரிசை தட்டுது. ஒரு சின்னப் பையன் விசில் அடிக்கிறான். நான் எழுந்து நிக்கணுமா, உக்காந்திருக்கணுமா, கும்புடணுமா, ஒண்ணும் தெரியல. உக்காந்திருந்தேன்.

அந்தப் பொண்ணு அவங்க அம்மாகிட்ட ஏதோ கேட்டுச்சு, அந்தம்மா காதுல சொன்னாங்க. அது என்னை ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்துச்சு. அப்புறம் கழுத்துல இருந்த முடிச்ச அவுத்து, அந்த மஞ்சள் துணியக் கொண்டாந்து எனக்குக் கட்டி விட்டுச்சு. சின்னத் துணி மேடம், எனக்குத் தோளுகூட வரல, கழுத்து இறுக்குது. ஆனா அது அவ்வளவு மரியாதையா கட்டுச்சு. எங்க அண்ணன் போன எடுத்து ஒரு போட்டோ. இன்னொண்ணு, கொஞ்சம் சிரின்னு இன்னொண்ணு.

ரெண்டாவது பாதி பூரா நான் அந்தத் துணியோடதான் பாத்தேன். அவுத்தா அந்தக் குழந்தை வருத்தப்படுமேன்னு விட்டுட்டேன். புதுத் துணி, கஞ்சி வாசனை, பின் கழுத்துல அரிக்குது.

ரெண்டாவது பாதியில வில்லன் ஒரு மெஷின் வச்சு ஊரே விக்கல் வீரன மறந்து போற மாதிரி பண்ணிடறான். யாரும் நினைக்கலன்னா விக்கல் ஏது? இவன் பறக்க முடியாம பஸ்ஸுல தொங்கிட்டுப் போறான். இவன் பொண்டாட்டியே கதவத் திறந்து, யாருப்பா நீங்கன்னு கேக்குறா. அதுக்கும் சிரிப்புதான். கடைசியில ஒரு கிழவி, பூட்டுன வீட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, எனக்குச் சாவி போட்டுக் குடுத்த அந்தக் கழுதை எங்க போய்த் தொலைஞ்சான்னு திட்டுது. எங்கயோ இருக்குற இவனுக்கு ஹிக்! அவ்வளவுதான், தியேட்டர் கூரை பிச்சுக்கிச்சு. கத்துறாங்க, காகிதம் கிழிச்சுப் போடுறாங்க. அண்ணன் எழுந்து நின்னு கை தட்டுறான். தட்டிக்கிட்டே திரும்பி என்னப் பாக்குறான்.

அவன் பாத்த பார்வை எனக்குப் புரிஞ்சுது. புரியாம இல்ல. நானும் கை தட்டினேன்.

படம் விட்டதும் துணிய அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துட்டேன். வாங்கமாட்டேன்னு சொல்லிச்சு, அவங்க அம்மா சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போனாங்க. ஆட்டோல வர்ற வழியிலயே அண்ணன் அந்தப் போட்டோவ சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டான். எங்க வீட்டு விக்கல் வீராங்கனைன்னு எழுதி. வீடு போயிச் சேர்றதுக்குள்ள நாப்பது பேரு ஹார்ட்டு போட்டுட்டாங்க. எங்க தம்பி, சின்னவன்னு கூப்பிடுவோம், அவன் மூணு தடவ கும்புடு போட்டான். சித்தப்பா பையன் ஒருத்தன், எட்டு வருஷமா பேச்சு வார்த்தை இல்ல, அவன்கூட அக்கா நீங்க தெய்வம்னு அனுப்பியிருந்தான்.

நானும் அந்தப் போட்டோவப் பாத்தேன். நல்லா சிரிச்சுக்கிட்டு இருக்கேன். பல்லெல்லாம் தெரியுது. எப்ப சிரிச்சேன்னு ஞாபகமே இல்ல.

ம், விரலு. அது இன்னைக்குக் காலையில. ஒரு ஸ்கூல் டீச்சரோட கண்ணாடி, பவர் ஜாஸ்தி, ஓரம் தடியா இருக்கும். சுத்துற தேய்ப்புக் கல்லுல வச்சு கையால கொஞ்சம் தேச்சு விடணும். தேச்சுக்கிட்டு இருந்தேன். முதலாளி ஓடி வந்து கையப் பிடிச்சு இழுக்குறாரு. பாத்தா கல்லுல ஓடுற தண்ணியெல்லாம் சிவப்பு. லென்ஸ் ஓரம் பிளேடு மாதிரி, கட்டை விரல அறுத்துட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. வலிக்கலையாம்மான்னு கேக்குறாரு. வலிக்கல சார்னேன். அவரு பயந்துட்டாரு. கட்டுப் போட்டு உக்கார வச்சு, நீ கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணாதேன்னுட்டுப் போயிட்டாரு.

ஒண்ணும் பண்ணாம உக்காந்தா என்ன பண்றது, யோசிக்கத்தானே செய்யணும். நேத்து இன்டர்வெல்ல அண்ணன் சொன்னானே, இவதான் குடுக்கப் போறான்னு. அத யோசிச்சேன். நான் குடுக்கறேன்னு எப்ப சொன்னேன்னு தேடிப் பாத்தேன் மேடம். தேதி, நேரம், எந்த இடத்துல, என்ன வார்த்தையில சொன்னேன்னு. சாவியத் தொலைச்சா ஒவ்வொரு இடமா போயிப் பாப்போம்ல, அந்த மாதிரி.

முதல்ல அண்ணன் வீட்டு ஹாலுக்குத்தான் போனேன், மனசுக்குள்ள. அன்னிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருந்தாங்க. யாராவது ஒருத்தர் குடுத்தாதான் சீக்கிரம் ஆகும்னு டாக்டர் சொல்லியாச்சு. அண்ணிக்கு சர்க்கரை, அதனால ஆகாது. பொண்ணுங்களுக்கு இன்னும் பதினெட்டு ஆகல. சின்னவன் நான் தர்றேன்னான். அவன் வாய மூடுறதுக்குள்ள அவன் பொண்டாட்டி அழ ஆரம்பிச்சுட்டா, அவளச் சொல்லிக் குத்தமில்ல, கையில எட்டு மாசக் குழந்தை. அப்ப எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி, அவங்கதான் ஆரம்பிச்சாங்க. இவளுக்கென்ன, புருஷனா புள்ளையா, ஒத்த ஆளு, நல்ல உடம்பு, ஒரே ரத்தம்னு. எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் ஆப்பிள் நறுக்கிக்கிட்டு இருந்தேன். தட்டு பத்தல. இன்னொரு தட்டு எடுக்க சமையலறைக்குப் போனேன்.

தட்டு எடுத்துட்டு வர்றேன், அண்ணி ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. அத்தை மூக்கச் சிந்துறாங்க. சின்னவன் என் கால்ல விழுந்துட்டான், கையில தட்டு இருந்ததால தடுக்கக்கூட முடியல. நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஆப்பிள் துண்ட வச்சுக்கிட்டு நிக்கிறேன். அண்ணன் மட்டும் எழுந்து வரல. தரையப் பாத்துட்டு உக்காந்திருந்தான். நான் கிளம்பும்போது செருப்பு மாட்டுற இடத்துக்கு வந்து தேங்க்ஸ்னான். எனக்கு எங்க அண்ணன் தேங்க்ஸ் சொன்னது அதான் முதல் தடவ. எதுக்குன்னு நான் கேக்கல.

அப்புறம் ரத்த டெஸ்ட்டு. அங்க ஃபாரம் குடுத்தாங்க, பேரு வயசெல்லாம் சின்னவன் நிரப்பிட்டான், நான் கையெழுத்துப் போட்டேன். அது டெஸ்ட்டுக்குத்தான். ஸ்கேனு, அதுக்கும் ஒரு கையெழுத்து. ஒரு நாள் பூரா மூத்திரத்தக் கேன்ல பிடிச்சுக் கொண்டு வரச் சொன்னாங்க, பிடிச்சுக் கொண்டு வந்தேன். பொருந்துதுன்னு சொன்னாங்க, வீட்ல இனிப்பு குடுத்தாங்க, சாப்பிட்டேன். எல்லா இடத்துலயும் போயிப் பாத்துட்டேன். நான் சரின்னு சொன்ன இடம் கிடைக்கல. யாரும் கேட்ட இடமும் கிடைக்கல.

கோவமா? இல்ல மேடம். சத்தியமா இல்ல. அவங்க மேல என்ன கோவம், கேட்டா பதில் சொல்லணும்னு பயந்திருப்பாங்க. ஆபரேஷன் மேலயும் பயமில்ல. ஒரு கிட்னியோட நல்லாவே இருக்கலாம்னு இங்க ஒரு நர்சு படம் வரைஞ்சு காட்டினாங்க, நம்புறேன். அண்ணன் மேல பாசம் இல்லையான்னா, இருக்கு. அவன் வேன் ஓட்டுன வரைக்கும், அந்தச் சத்தம் தெருமுனையில கேட்டா நான் அடுப்ப சின்னது பண்ணிட்டு வாசலுக்கு வந்துடுவேன், அந்த அளவுக்கு இருக்கு. ஒரு வேளை அவனே வந்து, ஏய், எனக்கு ஒண்ணு குடுக்கறியான்னு கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. சொல்லியிருக்க மாட்டேனோ என்னமோ. அதத் தெரிஞ்சுக்கற வாய்ப்பே வரல.

நீங்க ஆரம்பத்துல ஒண்ணு சொன்னீங்களே, இங்க பேசுறது வெளிய போகாதுன்னு. கிட்னி குடுக்கறவங்க வேணாம்னு முடிவு பண்ணா காரணம் யாருக்கும் சொல்லமாட்டோம், இவங்க ஏத்த ஆளு இல்லன்னு மட்டும் எழுதுவோம்னு. அது எல்லாருகிட்டயும் சொல்றதா? எல்லாருகிட்டயுமா. சரி, சரி.

அப்ப எனக்கு அப்படியே எழுதிடுங்க.

ஆமா. நல்லா யோசிச்சுட்டேன். இன்னும் ஒரு வாரமா? வேணாம் மேடம், அதுக்குள்ள வேற யாராவது கை தட்டிடுவாங்க. இன்னைக்கே போட்டுடுங்க.

அவன, செத்தவங்க கிட்னிக்குக் காத்திருக்கற லிஸ்ட்டுல சேத்துடுவீங்கள்ல? எவ்வளவு வருஷம் ஆகும்? நாலா. அஞ்சுகூட ஆகலாமா. ம். அத நான் கேக்காமலே இருந்திருக்கலாம். இல்ல, கேக்கணும். கேட்டது நல்லதுதான்.

வேணாம், தண்ணி வேணாம். நல்லாத்தான் இருக்கேன். எழுதிட்டீங்களா? அந்த வரியக் கொஞ்சம் காட்டுங்களேன். ஏத்தவர் அல்ல. இவ்வளவுதானா, நான் பெருசா ஏதோ எழுதுவீங்கன்னு நினைச்சேன். கையெழுத்து இங்கயா? கட்டு இருக்கு, கோணலா வரும், பரவால்லையா?

மேடம், டயாலிசிஸ் முடிச்சுட்டு வெளிய பெஞ்சுல அண்ணன் உக்காந்திருக்கான். நான் வரேன்னு தெரிஞ்சா எழுந்து நிப்பான், என் பைய வாங்கித் தோள்ல மாட்டிக்குவான், வெயிட்டு தூக்கக்கூடாதுன்னு சொன்னாலும் கேக்கமாட்டான். இந்த ரூமுக்கு வேற கதவு ஏதாவது இருக்கா?

இல்லையா. சரி மேடம். இப்படியே போறேன்.